உருட்டு எண்ணெய்: அறிக்கை சொல்வதும் மறைப்பதும்

மைசூருவிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள், ஜூலை மாதமாக இருந்தால், குண்டலுபேட்டைச் சூரியகாந்தி வயல்களுக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பூவிலிருந்து வரும் எண்ணெய் சமையலுக்கு நல்லது. எஃகைத் தகடாக உருட்டும் ஆலைக்கு ஆகாது. எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அளக்கும் அயோடின் எண் சூரியகாந்திக்குச் சுமார் 130, பாமாயிலுக்குச் சுமார் 50. இரட்டைப் பிணைப்பு கூடினால் சூட்டிலும் காற்றிலும் எண்ணெய் சீக்கிரம் பிசினாகிவிடும். டின் டப்பாவுக்கான தகட்டை உருட்டிய ஆலைகள் நெடுங்காலம் பாமாயிலை நம்பியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் இத்தனை நுணுக்கம் பார்க்கும் தொழில், அதைத் தொட்டியில் ஊற்றிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

தமிழ்நாட்டில் இதைப் பேச உகந்த இடம், கஞ்சமலைப் பக்கம் இருக்கும் சேலம் உருக்காலை. பொதுத்துறை நிறுவனமான செயிலுக்குச் சொந்தமான இந்த ஆலையில் 1981-ல் துருப்பிடிக்காத எஃகைக் குளிர்நிலையில் உருட்டும் வேலை தொடங்கியது. நம் வீட்டு எவர்சில்வர் தட்டுக்கும் டம்ளருக்கும் மூலப்பொருள் இந்த வகைத் தகடுதான். இதற்குப் பயன்படும் இயந்திரம் போலந்துப் பொறியாளர் சென்ட்ஸிமிரின் பெயரைத் தாங்கியது. அதில் மொத்தம் 20 உருளைகள். தகட்டைத் தொடுபவை ஒல்லியான இரண்டு மட்டுமே. மற்ற பதினெட்டும் அந்த இரண்டும் வளையாமல் முட்டுக்கொடுக்கின்றன. அந்த இடுக்கில் பீய்ச்சப்படும் எண்ணெய்க்கு மூன்று வேலைகள்: உராய்வைக் குறைப்பது, சூட்டை எடுத்துச் செல்வது, உதிரும் உலோகத் தூளைக் கழுவுவது. கண்ணாடி போன்ற மேற்பரப்பு வேண்டுமென்பதால் இங்கே தண்ணீர் கலக்காத, மெல்லிய கனிம எண்ணெயைப் பயன்படுத்துவது வழக்கம். வேலை முடிந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி, வடிகட்டி வழியாக மறுபடியும் உருளைக்குப் போகிறது. ஒரே எண்ணெய் இப்படி வருடக்கணக்கில் சுற்றும்.

இதைக் காப்பாற்றுவதற்கென்று உலகெங்கும் ஒரு நடைமுறை நிலைபெற்றிருக்கிறது. அதன் மூன்று தூண்கள் சோதனை, வடிகட்டல், டாப்-அப். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாகுநிலை, அமில எண், நீரின் அளவு, திடத்துகள், தீப்பற்றும் வெப்பநிலை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். டயட்டமைட் எனும் நுண்துளை மண் பூசிய வடிகட்டியில் எண்ணெயை ஓயாமல் செலுத்துகிறார்கள். தகட்டோடு ஒட்டிப் போன அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

இந்த நடைமுறையின் பலம் கண்கூடானது. உலோகத் தூள் தகட்டில் கீறல் போடுவதோடு நிற்காது. எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதையும் முடுக்கிவிடும். ஆகவே நல்ல வடிகட்டி தகட்டையும் காக்கிறது, எண்ணெயின் ஆயுளையும் நீட்டுகிறது. துப்புரவுக்கு எடுத்த மண்ணெண்ணெய் யாரும் கவனிக்காமல் தொட்டியில் கலந்துவிட்டால், தீப்பற்றும் வெப்பநிலைச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் ஆவி சூழ்ந்த இயந்திரத்தில் இது தரப் பிரச்சினையைத் தாண்டி உயிர்ப் பிரச்சினை. அமில எண் மெல்ல ஏறுவதைப் பார்த்து, எண்ணெய் கெடுவதற்கு முன்பே விழித்துக்கொள்ளலாம். கையில் தொட்டு, மூக்கில் முகர்ந்து, நிறம் பார்த்து முடிவெடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் இந்த நடைமுறை எண்ணெயையே நோயாளியாக வைத்துப் பார்க்கிறது. நோய் பெரும்பாலும் இயந்திரத்தில் இருக்கிறது. உருட்டு எண்ணெய் தானாக முதுமை அடைந்து கெடுவதைவிட, வெளியிலிருந்து வந்து சேர்பவற்றால் கெடுவதே அதிகம். அவற்றில் முதன்மையானது ஹைட்ராலிக் எண்ணெய். உருளைகளை அழுத்தும் சிலிண்டரின் சீல் தேய்ந்தால், அந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக உருட்டு எண்ணெயில் இறங்கும். வடிகட்டி அதைத் தடுக்காது. எண்ணெயில் கரைந்த எண்ணெயை எந்த மண்ணும் பிரித்துத் தராது. சாதாரண உருட்டலில் இது தெரியாது. தகட்டைச் சூளையில் பதப்படுத்தும்போது, கனமான எண்ணெய் முழுதாக ஆவியாகாமல் கறையாகப் படியும்போதுதான் தெரியவரும். அலுமினியத் தாள் உருட்டும் ஆலைகளில் இது இன்னும் பெரிய தலைவலி.

சோதனை அறிக்கை இதைப் பிடித்துவிடாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டியில் 40,000 லிட்டர் எண்ணெய், பாகுநிலை 8 சென்டிஸ்டோக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாகுநிலை 46 உள்ள ஹைட்ராலிக் எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தால், கலவையின் பாகுநிலை ஏறக்குறைய 8.6. பத்து சதவீத ஏற்றத்தை எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கும் ஆலையில் இந்த அறிக்கை எந்தக் கேள்வியும் இல்லாமல் கையெழுத்தாகும். ஆனால் அந்த ஐந்து சதவீதம் என்பது 2,000 லிட்டர், அதாவது சுமார் பத்து பீப்பாய்.

டாப்-அப் இந்த மறைப்பை இன்னும் ஆழமாக்குகிறது. அதே தொட்டியில் தினம் 40 லிட்டர் ஹைட்ராலிக் எண்ணெய் கசிகிறது. தகட்டோடு தினம் 800 லிட்டர் வெளியே போகிறது. குறைவதைப் புது எண்ணெயால் நிரப்புகிறார்கள். நாளடைவில் கலப்படம் ஐந்து சதவீதத்தில் நிலைகொண்டு, அதற்கு மேல் ஏறாது. போகும் 800 லிட்டரோடு 40 லிட்டர் கலப்படமும் வெளியேறிவிடுவதே காரணம். இப்போது சிக்கன நடவடிக்கையாகத் துடைப்பு உருளைகளைச் சரிசெய்து, வெளியேறுவதை 400 லிட்டராகக் குறைக்கிறார்கள். கசிவு அப்படியே இருக்க, கலப்படம் பத்து சதவீதமாகிறது, பாகுநிலை 9.2-ஐத் தொடுகிறது, எச்சரிக்கை மணி அடிக்கிறது. அறிக்கையை மட்டும் படிப்பவர், சிக்கனம் எண்ணெயைக் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டுவார். உண்மையில் அதுவரை ஊதாரித்தனமே எண்ணெயைச் சுத்தமாகக் காட்டிக்கொண்டிருந்தது. எண்ணெயை அதிகம் சிந்தும் ஆலைக்கு நல்ல அறிக்கை வருவதும், சிக்கனமான ஆலை கேள்விக்கு உள்ளாவதும் இந்த நடைமுறையின் ஆதாரப் பிழை.

மாதிரி எடுப்பதிலும் இதே அலட்சியம் நுழையும். ஞாயிற்றுக்கிழமை ஓடாமல் கிடந்த தொட்டியின் அடிக்குழாயில் குப்பியை நீட்டினால் தண்ணீரும் கசடும் வரும். ஓடும் நேரத்தில் திரும்பும் குழாயில் பிடித்தால் உருளை பார்த்த எண்ணெய் வரும். இரண்டுக்கும் ஒரே படிவம், ஒரே எல்லை எண்கள். எங்கே, எப்போது பிடித்தது என்று எழுதாத மாதிரியின் எண்ணை முந்தைய மாதத்து எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

தண்ணீரில் எண்ணெய் கலந்த பால்மத்தைப் பயன்படுத்தும் ஆலைகளில் படம் கொஞ்சம் மாறும். கர்நாடகத்தின் தோரணகல்லு போன்ற இடங்களில் கார்பன் எஃகு உருட்டும் பெரிய ஆலைகள் இந்த வகை. பால்மத்தில் எண்ணெய் நூற்றுக்குச் சில பங்குதான். அமிலக் குளியலிலிருந்து தகட்டோடு ஒட்டிவரும் குளோரைடு பால்மத்தின் நிலைப்பைக் குலைக்கிறது. மேலே மிதக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் காற்றை மறைக்க, அடியில் பாக்டீரியா பெருகுகிறது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை இயந்திரத்தை ஓட்டும்போது அழுகிய முட்டை நாற்றம் கிளம்புகிறது. உடனே கிருமிக்கொல்லி ஊற்றுகிறார்கள். நாற்றம் போகும், பாக்டீரியாவுக்கு வசதி செய்துகொடுக்கும் கசிவு போகாது. மறுபடி ஊற்ற வேண்டிவரும். அளவு மீறினால் அதன் எரிச்சல் தொழிலாளியின் தோலில் தெரியும்.

கூடுதல் சுத்திகரிப்பும் கேள்வி இல்லாத நன்மை ஆகிவிடாது. அமிலத்தை உறிஞ்ச முல்தானி மெட்டி வகைக் களிமண்ணில் எண்ணெயைச் செலுத்தினால், உராய்வைக் குறைக்கச் சேர்த்த பொருட்களில் ஒரு பங்கையும் அது சேர்த்தே உறிஞ்சும். எண்ணெய் தெளிவாகத் தெரியும்; வழுக்கும் தன்மை குறைந்திருக்கும். எண்ணெயில் ஊறிய வடிகட்டி மண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில், பயன்படுத்திய எண்ணெயும் எண்ணெய் கலந்த எச்சங்களும் தனித்தனியாகப் பட்டியலில் உள்ளன. தொட்டி சுத்தமாவதன் செலவில் ஒரு பகுதி, ஆலை வாசலுக்கு வெளியே போகும் லாரியில் ஏறுகிறது.

எண்ணெய்க்குள்ளேயே உணரியை வைத்து நொடிக்கு நொடி அளந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. மாதம் ஒருமுறை பார்த்ததை நொடிக்கு நொடி பார்த்தாலும், பார்ப்பது அதே பாகுநிலைதான் என்றால், 8.6 என்ற எண் அப்போதும் யாரையும் எழுப்பாது. குறை அளவின் வேகத்தில் இல்லை. எதை எதோடு சேர்த்துப் படிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

சேர்த்துப் படிக்க வேண்டியவை ஆலைக்குள்ளேயே கிடக்கின்றன. ஹைட்ராலிக் தொட்டிக்கு இந்த மாதம் எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது என்பது பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டில் இருக்கும். உருட்டு எண்ணெய்க்கு எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது என்பது உற்பத்திப் பிரிவிடம் இருக்கும். ஆய்வக அறிக்கை தரப் பிரிவின் கோப்பில். மூன்றும் ஒரே மேசைக்கு வருவதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. ஹைட்ராலிக் தொட்டியில் காணாமல் போன எண்ணெய் தரையில் இல்லையென்றால், அது போன இடம் உருட்டு எண்ணெய்த் தொட்டி. இதைச் சொல்ல ஆய்வகம் வேண்டியதில்லை. சோதனையையும் வடிகட்டியையும் கைவிடச் சொல்லவில்லை. அவை இல்லாமல் ஆலை ஓடாது. ஆனால் ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் அந்த மாதத்து இரண்டு டாப்-அப் அளவுகளையும் எழுதாதவரை, கீழே வரும் எண்கள் எத்தனை துல்லியமாக இருந்தாலும் அரைகுறைச் செய்திதான்.