பி.எல்.டி.சி. ஃபேன்: 28 வாட் உண்மைதான், மிச்சம் எவ்வளவு?

மின்சாதனக் கடைக்கு சீலிங் ஃபேன் வாங்கப் போகிறவர்களுக்கு விற்பனையாளர் இப்போது முதலில் காட்டுவது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஓர் எண்ணைத்தான்: 28 வாட். “பழசு 75 வாட் சார், இது அதுல பாதிகூட இழுக்காது” என்பார். விலை மட்டும் சாதாரண ஃபேனைவிட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூடுதலாக இருக்கும். ஒரு வீட்டில் மூன்று நான்கு ஃபேன் மாற்ற நினைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த 28 வாட் உண்மையா? உண்மை என்றால், கரண்ட் பில்லில் அது எத்தனை ரூபாய்?

முதல் கேள்விக்கு மோட்டாரிலேயே விடை இருக்கிறது. நம் வீடுகளில் பல பத்தாண்டுகளாகச் சுற்றுவது இண்டக்‌ஷன் மோட்டார். சுற்றாமல் நிலையாக இருக்கும் கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் சுழலும் பகுதியிலும் ஒரு மின்னோட்டத்தைத் தூண்ட வேண்டும். அப்போதுதான் அது காந்தமாகிச் சுற்றும். இந்த வகை மோட்டாரில் மின்சாரத்தின் பெரும்பங்கு வெப்பமாக வீணாகிறது. இரவெல்லாம் ஓடிய பழைய ஃபேனைக் காலையில் நிறுத்திவிட்டு மோட்டார் கூட்டைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். நாம் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம்தான் அந்தச் சூடு. 28 வாட் ஃபேனில் இருப்பது பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத நேர்மின்சார) மோட்டார். அதன் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம் பதித்திருக்கிறார்கள். காந்தத்தை உண்டாக்க மின்சாரம் செலவாவதில்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு, வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, எந்தச் சுருளுக்கு எப்போது அனுப்புவது என்று நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுத் தள்ளுகிறது. இரவு முழுக்க ஓடிய பிறகும் இந்த மோட்டார் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

இந்தத் தொழில்நுட்பத்தை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் தமிழ்நாட்டுக்கு முதன்மையான இடம் உண்டு. கோவையைச் சேர்ந்த வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012-இல் ‘சூப்பர்ஃபேன்’ என்ற பெயரில் 35 வாட் சீலிங் ஃபேனை வெளியிட்டது. ஐ.ஐ.டி. பம்பாயில் படித்தவர்கள் தொடங்கிய ஆட்டம்பெர்க் 2015-இல் 28 வாட் ஃபேனுடன் வந்தது. ஃபேன் தயாரிப்பில் பழம் தின்று கொட்டை போட்ட பெரிய நிறுவனங்கள் பின்னால் வந்து சேர்ந்தன. இன்று ஏறக்குறைய எல்லா பிராண்டிலும் ஒரு பி.எல்.டி.சி. மாடல் இருக்கிறது.

மாட்டும் வேலை பழைய ஃபேனைப் போலத்தான். கொக்கி, ராடு, இறக்கைகள் எல்லாம் ஒன்றே. மாறுவது ஒன்று: சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேர் இணைப்பு கொடுக்க வேண்டும். பழைய ரெகுலேட்டர் வழியாகவே ஓட்டினால் சர்க்யூட் போர்டு சீக்கிரம் பழுதாகும். வீட்டு எலக்ட்ரீஷியன்களில் சிலர் இதைச் செய்யாமல், “ஃபுல்லுல வெச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டில் யாராவது பழக்கத்தில் குமிழைத் திருகினால் போச்சு. கூடவே நின்று கழற்றச் சொல்வது நல்லது.

சுவிட்சைப் போட்டதும் ஒரு ‘பீப்’. பழைய ஃபேன் போல உடனே விசுக்கென்று கிளம்பாது. மெதுவாக ஆரம்பித்துச் சில நொடிகளில் வேகம் எடுக்கும். ரிமோட்டில் ஐந்தாறு வேகங்கள், டைமர், தூங்கும் நேரத்தில் தானே வேகத்தைக் குறைக்கும் வசதி ஆகியவை இருக்கின்றன. இதில் டைமர்தான் உண்மையிலேயே பயன்படுகிறது. மார்கழி விடியற்காலையில் குளிர்ந்து எழுந்து சுவிட்சைத் தேட வேண்டாம். நடுத்தர வேகத்தில் சத்தம் குறைவு. முழு வேகத்தில் காற்றின் ஓசைதான் கேட்கிறது. மோட்டாரின் ‘உம்’ இல்லை. மலிவு மாடல்கள் சிலவற்றில் குறைந்த வேகத்தில் மெல்லிய மின் இரைச்சல் உண்டு. கடைச் சந்தடியில் அது காதில் விழாது, நிசப்தமான படுக்கையறையில்தான் தெரியும்.

இனி 28 வாட்டைச் சோதிக்கலாம். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். வாசலில் இருக்கும் மின்வாரிய மீட்டரே போதும். எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே எத்தனை சிமிட்டல் சேர்ந்தால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் அது 3200. வேறு எண்ணாகவும் இருக்கலாம், பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி, செல்போன் சார்ஜர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு, 15 நிமிடம் சிமிட்டல்களை எண்ண வேண்டும். 3200 மீட்டரில் 75 வாட் ஃபேன் என்றால் 60 சிமிட்டல். 28 வாட் ஃபேன் என்றால் 22 அல்லது 23. முதல் ஃபேனுக்கு 15 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டும் விளக்கு, இரண்டாவதற்கு 40 விநாடிவரை சும்மா இருக்கும். பெட்டியில் அச்சிட்டதை நம்பத் தேவையில்லை. பில் போடுகிற மீட்டரே சாட்சி சொல்கிறது. நல்ல தயாரிப்புகள் இந்தச் சோதனையில் தேறிவிடுகின்றன.

இரண்டாவது கேள்விதான் விளம்பரங்கள் தொடாத இடம். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் முறையில் கணக்கிடப்படுகிறது. எந்தப் படியில் வீடு நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஃபேன் ஒரு வீட்டில் நூறு ரூபாயும் இன்னொரு வீட்டில் நானூறு ரூபாயும் மிச்சப்படுத்தும். மற்றொரு வீட்டில் ஒரு பைசாகூட மிச்சமாகாது.

2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரு யூனிட் தாண்டினால் அந்த 2.25 ரூபாய் சலுகை போய், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய்! 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதால் 600 யூனிட்டுக்கு 2,750 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்தபோது ரூபாய்க் கணக்கு கூடியது. படிக்கட்டு அப்படியே நின்றது.

நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேனை 75 வாட்டிலிருந்து 28 வாட்டுக்கு மாற்றினால் 60 நாளில் 42 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் சுமார் 127 யூனிட். 600 யூனிட் ஓடிய வீடு 473-க்கு இறங்கும். 2022 கட்டணப்படி பில் 2,750-லிருந்து 1,563 ஆகும். மிச்சம் 1,187 ரூபாய். மூன்று ஃபேனுக்கு 9,000 ரூபாய் செலவிட்டாலும், ஆண்டு முழுக்க இதே அளவு ஓடினால் ஒன்றரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

220 யூனிட் ஓடும் சிறிய வீட்டைப் பார்ப்போம். ஒரு ஃபேனை மாற்றினால் 178 யூனிட்டுக்கு வரும். பில் 315-லிருந்து 175 ரூபாய் ஆகும். இரண்டு மாதத்துக்கு 140 ரூபாய் மிச்சம். 3,000 ரூபாய் ஃபேனின் விலையை எடுக்க மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். 90 யூனிட்டோடு நிற்கும் வீட்டில் பில்லே கிடையாது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ஃபேனைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொல்வது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம். தவணையில் வாங்கிவிட்டு, பில் குறையவில்லையே என்று தவிக்க நேரும்.

புதிதாக ஃபேன் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஒரு வாட் மின்சாரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதுதான் அளவுகோல். நட்சத்திர முத்திரைச் சீட்டில் அது தனி எண்ணாகவே இருக்கும். 48 அங்குல ஃபேனுக்கு அந்த எண் 4 இருந்தால் ஒரு நட்சத்திரம், 6-ஐத் தொட்டால் ஐந்து. இதனால் இன்று கடையில் கிடைக்கும் ஒரு நட்சத்திர சாதாரண ஃபேனே 50 முதல் 53 வாட்தான் எடுக்கிறது. பழைய 75 வாட் ஃபேனை மாற்றுகிறவருக்கு மிச்சம் 42 யூனிட். ஆனால் புது வீட்டுக்குப் புது ஃபேன் வாங்குகிறவர் ஒப்பிட வேண்டியது 52 வாட்டோடு. அப்போது வித்தியாசம் 60 நாளுக்கு 22 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பெட்டியில் ‘65 சதவீதம் மிச்சம்’ என்று போட்டிருப்பது பழைய ஃபேனோடு ஒப்பிட்டுச் சொல்வது.

பி.எல்.டி.சி. ஃபேன்கள் அநேகமாக எல்லாமே ஐந்து நட்சத்திரம் வாங்கிவிடுகின்றன என்பதால் நட்சத்திரத்தை எண்ணிப் பயனில்லை. காற்றின் அளவைப் பார்க்க வேண்டும். 28 வாட்டில் 230 கனமீட்டர் தள்ளும் ஃபேனும் 210 தள்ளும் ஃபேனும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். வாட் குறைவு என்று வாங்கிவந்து, காற்று போதாமல் எப்போதும் முழு வேகத்திலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு.

பில்லில் தெரியாத இரண்டு நன்மைகளுக்காகவே இந்த ஃபேனுக்கு மதிப்பெண் கூட்டிப் போடலாம். சித்திரை, வைகாசி மாலைகளில் பல ஊர்களில் மின்னழுத்தம் இறங்கிவிடும். பழைய ஃபேன் நொண்டியடிக்கும், காற்று கீழே வராது. பி.எல்.டி.சி. ஃபேனின் போர்டு, அழுத்தம் குறைந்தாலும் வேகத்தை விட்டுக்கொடுப்பதில்லை. கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதன் அருமை தெரியும். அடுத்தது இன்வெர்ட்டர். மூன்று பழைய ஃபேன் பேட்டரியிலிருந்து 225 வாட் இழுக்கும். மூன்று புது ஃபேனுக்கு 84 வாட் போதும். அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தாங்கும். மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியில், புதிய பேட்டரிக்குச் செலவிடும் முன் ஃபேனை மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஏ.சி. உள்ள அறையிலும் இது நன்றாகக் கூட்டுச் சேர்கிறது. 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.க்கள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி வருகின்றன. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26, 27-இல் வைத்து ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் உடம்புக்கு அதே குளிர்ச்சி கிடைக்கிறது. அந்த வேகத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் இழுப்பது பத்து வாட்டுக்கும் குறைவு.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. பழைய ஃபேன் சுற்ற மறுத்தால் தெருமுனைக் கடையில் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றினால் தீர்ந்தது. நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். பி.எல்.டி.சி. ஃபேனில் பழுதாவது பெரும்பாலும் சர்க்யூட் போர்டு. அது மாடலுக்கு மாடல் வேறு. உள்ளூர் எலக்ட்ரீஷியனால் சரிசெய்ய முடியாது. நிறுவனத்தின் சர்வீஸ் ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். இடி, மின்னலோடு மின்னழுத்தம் எகிறும் இடங்களில் போர்டு பறிபோகும் வாய்ப்பு அதிகம். வாரன்டி முடிந்த பிறகு போர்டுக்கு ஆகும் செலவு, அதுவரை சேர்ந்த மிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று வாரன்டி வேறுபடுகிறது. இருநூறு ரூபாய் கூடினாலும் நீண்ட வாரன்டி உள்ளதை எடுப்பதே சரி. வாங்கும் முன் அந்த பிராண்டுக்கு உங்கள் ஊரில், குறைந்தது தாலுகா தலைநகரிலாவது, சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ரிமோட்டும் ஒரு தொல்லைதான். வேகத்தை மாற்ற முடியாமல் பாட்டி தாத்தா திண்டாடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டே வேகத்தை மாற்றும் மாடல்களும், சுவரில் குமிழோடு வரும் மாடல்களும் இருக்கின்றன. பெரியவர்களின் அறைக்கு அவையே ஏற்றவை.

ஆகவே தீர்ப்பு இது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தொட்டும் தாண்டியும் நிற்கும் வீடுகள் தயங்காமல் வாங்கலாம். அதிலும் 500-ஐக் கொஞ்சமே தாண்டுகிறவர்களுக்கு இதைவிட லாபமான மாற்றம் வேறில்லை. 200-ஐ ஒட்டி நிற்கும் வீடுகள் பழைய ஃபேன் பழுதாகும்போது மாற்றினால் போதும். எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நாள் முழுக்க ஓடும் கூடத்து ஃபேன், இரவு முழுக்க ஓடும் படுக்கையறை ஃபேன், இந்த வரிசையில் தொடங்குங்கள். விருந்தினர் அறையில் எப்போதாவது சுற்றும் ஃபேன் பழையதாகவே இருக்கட்டும். கடைக்குக் கிளம்பும் முன் கடைசி ஆறு மின் பில்களை எடுத்து, யூனிட் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.