அடி விழும் முன்பே தோற்கத் தெரிந்தவர்

ஒவ்வொரு பெரிய படம் வெளியானதும் அதே புகார் வந்துவிடுகிறது: “அந்த முரட்டு ஆளுக்கு நடிப்பே வரலை, சும்மா முறைச்சுக்கிட்டு நிக்கிறார்.” கதையையும் வசூலையும் நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை, இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு அவை மனப்பாடம். பெயரும் சொல்லப் போவதில்லை. அகலத் தோள், கரகரத்த குரல், படத்துக்குப் படம் வேறு ஹீரோவிடம் உதை வாங்குகிறவர் என்றதுமே உங்களுக்கு ஒரு முகம் வந்திருக்கும். பக்கத்து சீட்டுக்காரருக்கு வேறு முகம் வந்திருக்கலாம், பரவாயில்லை, வாதம் இருவருக்கும் பொருந்தும். நம்ம ஆள் என்று வைத்துக்கொள்வோம். அவர் அடிக்கும்போதும் கத்தும்போதும்தான் அவரைக் கவனிக்கிறோம், மதிப்பெண்ணும் அங்கேதான் போடுகிறோம். அவருடைய தொழில் முழுக்க வேறோர் இடத்தில் இருக்கிறது: எதிரில் நிற்பவன் தன்னைவிடப் பெரியவன் என்று அந்தப் பாத்திரத்துக்கு முதன்முதலாகத் தெரியும் இடத்தில். அந்த இடம் எது என்று முடிவு செய்வதில்தான் நல்ல முரட்டு நடிகரும் சுமாரான முரட்டு நடிகரும் பிரிகிறார்கள்.

இடைவேளைக்கு முந்தைய சண்டையை எடுத்துக்கொள்வோம். நூறு படங்களில் பார்த்ததுதான். சந்தையோ, ரைஸ் மில்லோ, கோயில் திடலோ ஏதோ ஒன்று. ஹீரோ வருகிறார், முதல் நாலு பேர் பறக்கிறார்கள். ரோப் கட்டி இழுக்கிறார்கள் என்று தெரிந்தே விசில் அடிக்கிறோம். உடனே ஒரு கட், நம்ம ஆளின் முகம். ஒன்றரை வினாடி இருக்கலாம். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 36 ஃபிரேம். சுமாரான நடிகர் இந்த 36 ஃபிரேமில் ஹீரோவை நேரே பார்த்துக் கண்ணை உருட்டுவார், பல்லைக் கடிப்பார், கழுத்து நரம்பு புடைக்கும். நம்ம ஆள் ஹீரோ பக்கமே திரும்புவதில்லை. தரையில் கிடக்கும் தன் ஆளைப் பார்க்கிறார். இருப்பவர்களிலேயே கெட்டிக்காரன் இவன், இவனே இவ்வளவு சீக்கிரம் விழுந்துவிட்டான் என்ற கணக்கு அந்தப் பார்வையில் ஓடுகிறது. அதற்கப்புறம்தான் கண் மெல்ல மேலே ஏறுகிறது. மடித்துக் கட்டிய வேட்டியின் கரைப் பக்கம் ஒரு கை தானாக இறங்குகிறது. வேட்டியை மடித்துக் கட்டினால் என்ன அர்த்தம், பெரிய மனிதர் எதிரே வரும்போது அதை இறக்கி விட்டால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் கை கரையைத் தொடுகிறது, அவிழ்க்கவில்லை, இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு மேலே வருகிறது. பாத்திரத்தின் வாய் இன்னும் சவால் விட்டுக்கொண்டிருக்கிறது, விரல் தோல்வியை ஒப்புக்கொண்டாகிவிட்டது. அடுத்து ஹீரோ பேசும் பஞ்ச் வசனத்துக்குத் தியேட்டர் அதிர்கிறதே, அந்தக் கைதட்டலில் பாதி இந்த விரலுக்குச் சேர வேண்டியது.

இது ரசிகனின் மிகை என்று நினைப்பவர்கள் சண்டைக்காட்சி எப்படி எடுக்கப்படுகிறது என்பதை ஒருமுறை யோசிக்கலாம். முஷ்டி முகத்தில் படுவதில்லை, தாடைக்கு முன்னால் காற்றில் கடந்து போகிறது. அடிப்பவரின் முதுகுக்குப் பின்னாலோ வாங்குபவரின் தோளுக்குப் பின்னாலோ கேமராவை வைத்துவிட்டால் நடுவில் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ‘டிஷ்யூம்’ பிறகு சேர்ப்பது. அப்படியானால் அடி பட்டது என்று நம்மை நம்பவைப்பது எது? வாங்குபவரின் கழுத்து. அது ஒரு கணம் முந்தித் திரும்பினால் அடி பொய்யாகிவிடுகிறது. பிந்தித் திரும்பினால் ஆள் மந்தமாகத் தெரிகிறார். கபடியில் ரெய்டர் தொட்டுவிட்டு ஓடும்போதுதான் கூட்டம் கத்தும். கார்னரில் நிற்பவர் எந்த நொடியில் கணுக்காலுக்குப் பாய்கிறார் என்று பார்ப்பவர்கள் ஆட்டம் தெரிந்த நாலு பேர்தான். சினிமாவில் அந்த நாலு பேரும் ஃபைட் மாஸ்டரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். யார் சரியாக வாங்குவார் என்று அவர்களுக்குத் தெரியும். விமர்சனம் எழுதுபவர்களுக்குத் தெரிவதில்லை.

“எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிதானே வருகிறார்?” என்பது முதல் ஆட்சேபம். ஆமாம், ஒரே மாதிரிதான் வருகிறார். அது எப்போதிலிருந்து குறையானது? நம் முரட்டு முகங்களில் சில எந்தப் பட்டறையிலிருந்து வந்தன என்று பார்த்தால் விடை கிடைக்கும். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை தமிழ் சினிமாவுக்கு அனுப்பிவைத்த நடிகர்களில் பலர் அடியாளாகவும் ரவுடியாகவும் போலீஸாகவும்தான் முதலில் கவனம் பெற்றார்கள். முத்துசாமி தன் ஆட்களுக்குத் தெருக்கூத்தைக் காட்டினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலை அங்கே பாடமாக இருந்தது. தெருக்கூத்தில் துரியோதனன் எப்படி வருகிறான்? இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து, கிரீடமும் புஜக்கட்டையும் சலங்கையுமாக, மூன்று உலகும் தனக்குச் சொந்தம் என்பதுபோல் வருகிறான். பதினெட்டாம் போர் நடக்கும் இரவில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவன் விடிவதற்குள் தொடை பிளந்து விழுவான் என்று தெரியும். வேஷம் ஒன்றுதான், கதை ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான். அப்படியும் ஒரு கூத்தாடியின் துரியோதனனுக்கு ஊர் திரள்கிறது, இன்னொருவருடையதற்குத் தூங்கிவிடுகிறது. காரணம், தோற்கப் போவது துரியோதனனுக்கு எந்த அடவில் தெரியவருகிறது என்பதை ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் வைக்கிறார்கள். நம்ம ஆளிடம் பன்முகம் இல்லை என்று குறைபடுவது, கூத்தில் துரியோதனன் ஏன் தருமனாக வரவில்லை என்று கேட்பதற்குச் சமம்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. இதெல்லாம் எடிட்டரின் வேலை, அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, பக்கத்தில் ஒட்டிய ஷாட்தான் அர்த்தம் தருகிறது என்பார்கள். சோவியத் இயக்குநர் குலெஷோவின் புகழ்பெற்ற சோதனையைத் துணைக்கு அழைப்பார்கள்: உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி தெரிந்தது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம் தெரிந்தது. சரி. ஆனால் அந்தச் சோதனைக்கு முதலில் தேவைப்பட்டது என்ன? எதையும் கூட்டாமல், திணிக்காமல் வெறுமனே இருக்கக்கூடிய ஒரு முகம். கண்ணை உருட்டுகிற முகத்தைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள், துக்கம் வராது, சிரிப்பு வரும். சும்மா நிற்கிறார் என்று நாம் திட்டுகிறோமே, அந்தச் சும்மா நிற்பதுதான் எடிட்டருக்குக் கையில் கிடைக்கும் சரக்கு. தவிர, வெட்டே இல்லாத மாஸ்டர் ஷாட்டிலும், ஹீரோவின் தோள் ஓரத்தில் தெரிய எடுக்கும் சஜஷன் ஷாட்டிலும் எடிட்டர் யாரையும் காப்பாற்ற முடியாது. நம்ம ஆள் அங்கேயும் அதே நேரக் கணக்கோடுதான் இருக்கிறார்.

குரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இங்கே நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் என்பதை மறைக்கவும் போவதில்லை. ஆஜானுபாகுவான உடம்பை வெளியூரிலிருந்து வரவழைத்து, டப்பிங் கலைஞர் ஒருவரின் குரலைப் பொருத்திவிடுவது நம்மிடம் வெகுகாலமாக நடக்கும் வழக்கம். வருபவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. மொழி தெரியாத ஊரில் வந்து உழைக்கிறார்கள், அவர்களில் நல்ல நடிகர்களும் உண்டு. வழக்கத்தின் மீதுதான் கோபம். தமிழில் வினை கடைசியில் வரும். “நாளைக்கு விடியறதுக்குள்ள உன் ஆளுங்க அத்தனை பேரையும்…” என்று ஹீரோ ஆரம்பித்தால், கொல்லப் போகிறாரா, மன்னிக்கப் போகிறாரா, ரயிலேற்றி அனுப்பப் போகிறாரா என்று கடைசிச் சொல் விழும்வரை தெரியாது. மொழி தெரிந்தவர் அந்தக் காத்திருப்பில் நடிக்கிறார். இமை நின்றுவிடுகிறது, மூச்சு பாதியில் பிடிபடுகிறது, வினை வந்து விழுந்ததும்தான் தாடை இறுகுகிறது. மொழி தெரியாதவருக்கு எதிராளியின் பேச்சு ஒரு நீளம் மட்டும். அது முடிந்ததும் தன் முறை வருகிறது. அவர் பயந்தாலும் அந்தப் பயம் வாக்கியம் முடிந்து ஒரு மூச்சு கழித்துத்தான் வந்து சேர்கிறது. மிரட்டல் பலிக்காததுபோல் இருந்தால் நாம் ஹீரோவின் வசனத்தைக் குறை சொல்லிவிட்டுப் போகிறோம்.

நம்ம ஆளுக்கும் இந்தக் காத்திருப்பு எப்போதும் வாய்த்துவிடுவதில்லை. குணச்சித்திர நடிகர்களுக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில் சம்பளம். ஹீரோவின் கால்ஷீட்டோ தங்கத்தை நிறுப்பதுபோல் நிறுக்கப்படுவது. அதனால் முதலில் ஹீரோ சம்பந்தப்பட்ட ஷாட்டுகளை எல்லாம் முடித்து அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெளிச்சம் மங்குவதற்குள் மற்றவர்களின் க்ளோஸை எடுப்பார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒருவர் முஷ்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ‘லுக் இங்கே சார்’ என்பார். நாம் விசில் அடித்த அந்த 36 ஃபிரேமில் நம்ம ஆள் நடுங்கியது, வியர்த்துப்போன ஓர் உதவி இயக்குநரின் முஷ்டியைப் பார்த்துத்தான். வசனத்தை அந்த உதவி இயக்குநரே ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒப்பிப்பார். இந்த நிலையில் பயத்தின் நேரத்தைச் சரியாகப் பிடிக்கிறவரை ‘நடிப்பு வராதவர்’ என்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இனி நடக்கப் போவதையும் சொல்லிவைக்கிறேன். முரட்டு நடிகருக்கு நம்மிடம் இரண்டு ஓய்வூதியத் திட்டங்கள் உண்டு: ஒன்று, அவரையே கேலிப்பொருளாக்கி நகைச்சுவைக்கு மாற்றுவது, இன்னொன்று, கதாநாயகியின் அப்பாவாக்கிச் சோபாவில் உட்காரவைப்பது. முதலாவதில் அவர் ஜெயிப்பார் என்றே நினைக்கிறேன். நேரம் தெரிந்தவருக்குச் சிரிப்பு பெரிய தூரம் இல்லை. பயப்படும் கணத்தை அரை வினாடி முந்திக்கொண்டு வந்தால் அதுவே நகைச்சுவை. ஆனால் இரண்டு படம் ஓடிவிட்டால் அதன்பின் அவரை யாரும் நம்பிப் பயப்பட மாட்டார்கள், அவர் பயந்தாலும் நம்ப மாட்டார்கள். வெப் சீரிஸ் அவருக்குக் கைகொடுக்கும். எட்டு அத்தியாயம் ஓடும் கதையில் தோல்வியை மூன்றாவதில் விதைத்து ஏழாவதில் அறுக்க இடம் இருக்கிறது. அவருடைய ஆகச் சிறந்த வேலை அங்கேதான் வரும் என்பது என் பந்தயம்.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பெரிய ஹீரோக்களையே வில்லனாக அழைக்கும் மோகம் பெருகிக்கொண்டிருக்கிறது. டிரெய்லருக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி வருபவருக்கும் ரசிகர்கள் உண்டு, அவருக்கும் ஸ்லோமோஷன் அறிமுகம் உண்டு, அவர் யாரைப் பார்த்தும் பயந்துவிட முடியாது. கடைசிச் சண்டையில் இரண்டு பேரும் சமமாக அடித்துக்கொண்டு, திரைக்கதை சொல்வதால் மட்டும் ஒருவர் செத்துப்போவார். அடுத்த சில வருடங்களில் ‘ஹீரோவிடம் மாஸ் குறைந்துவிட்டது’ என்று எழுதுவோம். குறைந்தது எது என்று யாரும் தேட மாட்டோம்: எதிரில் நின்று தோற்பதற்கு ஆள் இல்லாமல் போனதைத்தான் அப்படி எழுதிக்கொண்டிருப்போம்.

விருதுகள் இதைச் சரிசெய்யும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. தேசிய விருதில் துணை நடிகருக்கு 1984-இலிருந்தே தனிப் பிரிவு இருக்கிறது. 2017-இல் அறிவிக்கப்பட்ட 64-ஆவது தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கும் விருது வந்துவிட்டது. ஆஸ்கரும் 2028-இல் நடக்கவிருக்கும் நூறாவது விழாவிலிருந்து சண்டை வடிவமைப்புக்குத் தனி விருது தரப்போகிறது. மூன்றும் நல்ல விஷயம்தான். ஆனால் நம்ம ஆள் இந்தப் பிரிவுகளுக்கு நடுவே விழுகிறார். சண்டை விருது வடிவமைத்தவருக்குப் போகும். துணை நடிகர் விருது அழுதவருக்கோ நீளமாகப் பேசியவருக்கோதான் பெரும்பாலும் போகும். வேட்டிக் கரையைத் தொட்ட விரலுக்குப் பெட்டி இல்லை, உருவாகவும் போவதில்லை.

ஆகவே நடுவர்களிடம் நான் எதையும் கேட்கவில்லை. இயக்குநர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இடைவேளைச் சண்டையில் நம்ம ஆளின் க்ளோஸை, ஹீரோ செட்டில் இருக்கும்போதே எடுங்கள். அவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அந்த வசனத்தை ஒருமுறை முழுசாகச் சொல்லட்டும். கூடுதலாக அரை நாள் கால்ஷீட் ஆகும். லாபம் ஹீரோவுக்குத்தான்.