‘ஸ்பிளைசிங் லைஃப்’ அறிக்கை: ஒரு திறனாய்வு

1980 ஜூன் 16-இல், கச்சா எண்ணெயைச் சிதைக்கும்படி மாற்றியமைக்கப்பட்ட நுண்ணுயிருக்குக் காப்புரிமை உண்டென அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே நாளில் புராட்டஸ்டண்டு, கத்தோலிக்க, யூத சமயத் தலைவர் மூவர் அதிபர் கார்ட்டருக்கு மடல் வரைந்தனர். அதன் விளைவாக அதிபரின் ஆணைக்குழு 1982-இல் வெளியிட்டதே இவ்வறிக்கை.

மரபணு இணைப்பை அது விளக்கும் தெளிவைப் போற்றுகிறோம். மனிதன் கடவுளின் இடத்தைக் கைப்பற்றுகிறானோ என்ற அச்சத்தையும் நிதானமாகவே ஆராய்கிறது. ஆனால் மடலின் கூரிய வினா, இவ்வாற்றலை ஆள்வோர் யார், பயனடைவோர் யார் என்பதே. அறிக்கையின் விடையோ பெரும்பாலும் மேற்பார்வைக் குழுக்களோடு நின்றுவிடுகிறது. உடைமை பற்றிய இறையியல் அங்கு இல்லை.

லேவியராகமம் 25:23 நிலத்தையே அறுதியாக விற்பதை விலக்குகிறது. காப்புரிமையும் காலவரையறை உடையதுதானே எனலாம், மெய்யே. ஆனால் யூபிலி ஆண்டில் நிலம் திரும்புவது, வறுமையால் அதை இழந்த குடும்பத்தாரிடம்.