கால்களைப் பாருங்கள்: டிரையத்லான் நீச்சலை ரசிப்பது எப்படி?

டிரையத்லான் ஒளிபரப்பு தொடங்கியதும் பலர் காபி போட எழுந்துவிடுகிறார்கள். சைக்கிள் வந்த பிறகுதான் திரும்ப வந்து உட்காருகிறார்கள். கேட்டால், "நிஜ நீச்சல்காரங்க இவங்களைவிட வேகமாச்சே, இதுல பார்க்க என்ன இருக்கு?" என்பார்கள். வேகம் பற்றிய பாதி சரி. மீதிப் பாதி, பார்க்காமலே சொன்ன தீர்ப்பு.

அடிப்படையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம், நடுவே ஓய்வு கிடையாது. 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது.

இனி வேகத்தைக் கடிகாரத்தில் ஒப்பிடுபவர்கள் விஷயத்துக்கு வருவோம். 2024 பாரிஸில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் குளத்தில் 1500 மீட்டரை 14 நிமிடம் 30.67 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். 2012 லண்டன் டிரையத்லானில், ஹைட் பார்க் ஏரியிலிருந்து ஸ்லோவாகியாவின் ரிச்சர்ட் வர்கா முதல் ஆளாகக் கரையேறியபோது கடிகாரம் 17 நிமிடத்தைத் தொட இருந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உதட்டைப் பிதுக்குவதைப் போல மேம்போக்கான விமர்சனம் வேறில்லை. ஃபிங்குக்குத் தனிப் பாதை, அலையடங்கிய தண்ணீர், எட்டி உதைத்துப் பாய 29 முறை சுவர். வர்காவுக்குச் சுவரே இல்லை. சுற்றிலும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் கையும் காலும். மிதவை எந்தப் பக்கம் என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாக வேண்டும். குளத்து இறுதிச் சுற்றில் வர்காவுக்கு இடம் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அவர் நீந்தியது அந்தப் பந்தயமே அல்ல.

வித்தியாசம் கால்களில் இருக்கிறது. இரு கைகளும் ஒரு சுற்று வர ஆறு முறை கால் உதைப்பது ஒரு வகை, இரண்டே முறை உதைப்பது இன்னொரு வகை. ஆறு உதை வேகம் தரும். தொடையின் பெரிய தசைகளை வைத்துத்தான் தரும். தொலைதூரக் குள வீரர்களில் பலரும் பாதி வழிவரை காலை அடக்கியே வைப்பார்கள், ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் 1500 மீட்டரில் ஃபிங்க் கடைசி 50 மீட்டரை 26 விநாடிக்குள் முடித்தார். சுவரைத் தொட்ட பிறகு அந்தக் கால்களுக்கு வேறு வேலை இல்லை. டிரையத்லான் வீரருக்கு அதே தொடைகள் இன்னும் 40 கி.மீ. மிதிக்க வேண்டும். அதனால் அவர் காலை வால்போலப் பின்னால் விட்டு, முன்னே போகிறவரின் பாதத்தை ஒட்டியோ இடுப்போரமாகவோ நுழைந்துகொள்கிறார். முன்னவர் கிழித்த தண்ணீரில் இழுவை குறைவு. கலங்கிய நீரில் பின்னால் வருபவருக்குக் கண்ணில் படுவது நுரைக் குமிழிகள் மட்டுமே. அவற்றைத் தவறவிட்டால் தனியாள்தான். கரை நெருங்கும்போது உதை மறுபடி கூடும்: எழுந்து ஓடப்போகும் கால்களை எழுப்பிவிடுவதற்காக.

"நீச்சலில் தேறாதவர்களின் விளையாட்டு" என்பவர்களுக்கு ஷீலா டாவோர்மினாவைத் தெரிந்திருக்காது. 1996 அட்லாண்டாவில் 4x200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலில் தங்கம் வென்றவர் அவர். நான்கே வருடத்தில் சிட்னி டிரையத்லானில் நின்றார். அந்தக் கைகளை வைத்துக்கொண்டும் ஆறாவதாகத்தான் வர முடிந்தது.

ஒரு ரகசியம். முதலில் கரையேறுபவரைப் பார்க்கவே பார்க்காதீர்கள், கேமரா அவர் பின்னால் ஓடினாலும் சரி. பத்தாவது தலைக்கும் பதினைந்தாவது தலைக்கும் நடுவே தண்ணீர் வெறுமையாகத் தெரிகிறதா என்று தேடுங்கள். அந்த இடைவெளிக்குப் பின்னால் இருப்பவர்கள் சைக்கிளில் முன்கூட்டத்தைத் தவறவிடலாம். 2016 ரியோவில் கோபகபானா கடலிலிருந்து முதலில் வந்தது மறுபடியும் வர்காதான். அவரை ஒட்டி வந்த பிரிட்டனின் பிரவுன்லீ சகோதரர்கள் ஒரு சிறு கூட்டத்தோடு சைக்கிளில் பிய்த்துக்கொண்டு போனார்கள்: அலிஸ்டருக்குத் தங்கம், ஜானிக்கு வெள்ளி. அந்த ஆண்டின் உலக சாம்பியன் மாரியோ மோலா அந்தக் கூட்டத்தில் இல்லை. ஓட்டத்தில் யாருக்கும் இளைக்காத அவர் எட்டாவதாக வந்தார்.