கைக்கு என்ன பேர்?

ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெரு வேதக்கோயிலில் கித்தார் பழகும் பையனுக்கு ஒவ்வொரு விரல் வேலைக்கும் ஒரு பேர் தெரியும். அதிர்கிற கம்பிமேல் இடதுகை விரலைக் குத்தி அடுத்த ஸ்வரத்தை எழுப்பினால் ஹேமர் ஆன். விரலைச் சுண்டி எடுத்து எழுப்பினால் புல் ஆஃப். மிருதங்கத்திலும் அப்படித்தான்: தா, தீ, தொம், நம், சாப்பு. (அந்த மிருதங்கத்துக்குத் தோலைப் பதப்படுத்திக் கட்டுகிற கை பெரும்பாலும் நம்ம கை. அது வேறு கதை.)

தப்புக்கு? பறை பற்றி வருகிற கட்டுரைகளைப் புரட்டுங்கள். சாவு அடி, கல்யாண அடி, சாமிச்சாட்டு, சப்பரத்து அடி. பட்டியலில் பெரும்பாலும் இப்படித்தான். இதெல்லாம் அடியின் பேரா? நம்மை எதற்குக் கூப்பிட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பதன் பேர். அதை ஆய்வாளர் அப்படியே எழுதி, மேலே 'அடிமுறைகள்' என்று தலைப்பு போடுகிறார். கை என்ன செய்தது என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரி கிடையாது.

எங்க பெரியப்பாவிடம் சாவு அடி எப்படி என்று கேட்டேன். "ஏல, சாவுக்குன்னு தனியா கை இருக்கா? வலக்கை அடிக்குச்சி நடுத்தோல்ல விழுந்தா ஒரு சத்தம், ஓரத்துல விழுந்தா வேற. இடக்கை சிண்டுக்குச்சிய அமுக்கி வச்சா சத்தம் செத்துரும், விட்டா பேசும். அதைக் கூட்டிக் கொறச்சு ஓட்டுனாத்தான் சாவும் கல்யாணமும்" என்றார். அமுக்கு, விடு, நடு, ஓரம். கலைச்சொல் வாயிலேயே இருக்கிறது; எழுத்தில்தான் ஏறவில்லை.

இதே தாமிரபரணிக் கரையில் கணியான் கூத்துக்கு மகுடம் இரண்டு: உச்சம், மந்தம். சுடலைமாடன் கொடையில் அடித்தாலும் பேர் சத்தத்தை வைத்துத்தான் வந்திருக்கிறது.

சாவு அடியை 'விடுதலை அடி' ஆக்குவோம் என்கிறார்கள் தோழர்கள். நானும் மேடையில் அப்படிப் பேசியவன்தான். பேரை மாற்றினோம், அதுவும் இன்னொரு கூட்டத்தின் பேர்தான். பயிற்சி முகாமிலோ பிள்ளைகளுக்குத் 'தகதிமி' சொல்லிக் கொடுக்கிறோம். கடன் வாங்கிய சொற்கட்டில் சிண்டுக்குச்சி அமுக்குவதற்கு ஏது இடம்?

பெரியப்பா பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து பதினொரு சொல் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நோட்டை வாங்கி வைத்துவிட்டு, குச்சி ரெண்டையும் என் கையில் கொடுத்தார்.