வெள்ளைப் புடவைக்குள் காணாமல் போன வள்ளி

கே.பி.சுந்தராம்பாள் பற்றி யார் எழுதினாலும் கதை ஒரே தடத்தில்தான் போகும். கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், கொழும்பு நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவைச் சந்தித்தார், காதல், கல்யாணம். 1933-இல் கிட்டப்பா இறந்ததும் 25 வயதில் வெள்ளைப் புடவை. அதற்குப் பிறகு ஒரே பக்தி. கட்டுரை முடிஞ்சுது. பாதிக்கு மேல் கிட்டப்பாதான் இருப்பார். அவருடைய குரல் எவ்வளவு உசத்தி என்றும் நாலு பாரா வரும். சுந்தராம்பாள் என்ன செய்தார் என்பதற்கு இடமே இருக்காது.

நம்ம வேலை புத்தி போகாதே! அவர் படங்களை ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். படம், ஆண்டு, அப்போது அவர் வயது, என்ன பாத்திரம் என்று நாலு காலம். 1935-இல் 'நந்தனார்', வயது 27, ஆண் வேடம். 1940-இல் 'மணிமேகலை', வயது 32, துறவு பூணும் பெண். 1953-இல் 'ஔவையார்', 45 வயதில் கிழவி. 1964-இல் 'பூம்புகார்', கவுந்தியடிகள். அடுத்த வருஷம் 'திருவிளையாடல்', மறுபடியும் ஔவை. நாலாவது காலத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். காதலி இல்லை, மனைவி இல்லை. சினிமாவில் பெண்ணுக்கு என்று வைத்திருக்கும் வேலை எதையுமே அவர் செய்யவில்லை.

இதை 'தியாகம்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அன்றைக்கு சினிமாவில் தனியாக நின்ற ஒரு பெண் பேரம் பேச என்ன வழி இருந்தது? நந்தனாருக்கு அவர் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று எல்லோருமே எழுதுகிறார்கள். எதிரே வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர், கர்நாடக சங்கீதத்தின் பெரிய வித்வான். துக்கத்தில் ஒதுங்கிப்போன ஒருவரின் கணக்கு மாதிரி இது தெரியவில்லை. வெள்ளைப் புடவை அவருக்கு துக்கமாகவும் இருந்திருக்கும், வேலியாகவும் இருந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க எம்.எஸ்.சுப்புலட்சுமி இருக்கிறார். 1941-இல் 'சாவித்திரி'யில் அவருக்கு நாரதர் வேடம், அவரும் ஆண் வேடம்தான். அந்தப் பணம் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவியது. 'மீரா'வோடு நடிப்பை விட்டுவிட்டார். அங்கே திட்டம் போட்டவர் சதாசிவம். சுந்தராம்பாளுக்கு அப்படிக் கணக்குப் பார்க்க ஒருத்தர் கிடையாது. ஆனாலும் 1970-கள் வரை படங்களில் இருந்தார். சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார்.

'ஔவையார்' படம் இந்த இடத்தில் ரொம்ப சுவாரசியம். இளம் ஔவை கல்யாணத்திலிருந்து தப்பிக்க பிள்ளையாரை வேண்டிக் கிழவி ஆகிறாள். அந்த நிமிஷம் வரை திரையில் இருப்பவர் குசலகுமாரி. அதற்குப் பிறகுதான் சுந்தராம்பாள் வருகிறார். கிழவியான பிறகு அந்தப் பெண் ராஜசபைக்குப் போகலாம், ஊர் ஊராகத் தனியாக நடக்கலாம், பாடி யானைகளைக் கிளப்பிக் கோட்டையை இடிக்க வைக்கலாம். இளமையைக் கொடுத்தால் சாலையில் நடக்கும் உரிமை கிடைக்கும் என்பதுதான் கதையின் பேரம். வாசன் இதை யோசித்துச் செய்தாரா தெரியாது. ஆனால் அந்த வேடத்துக்கு வேறு யாரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சரி, நஷ்டம் என்ன? எனக்கு உறுத்துவது இதுதான். மேடையில் அவர் பெயர் பெற்றது வள்ளியாக. 'வள்ளி திருமணம்' பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் தர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு. எழுதி வைத்த வசனம் கிடையாது. எதிராளி மடக்குவான், வள்ளி அந்த இடத்திலேயே பதில் கொடுக்கணும், பாட்டாகவும் கொடுக்கணும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையும் கிடையாது. மைக் இல்லாத காலத்தில் விடிய விடிய இதைச் செய்த பெண்ணுக்கு எவ்வளவு குறும்பும் சாமர்த்தியமும் இருந்திருக்கணும்! அதில் ஒரு துளியும் படங்களில் இல்லை. சினிமா அவருக்குக் கொடுத்தது கும்பிடு வாங்கும் வேடங்களை மட்டும்தான்.

கொஞ்சம் மிச்சம் தெரிவது 'திருவிளையாட'லில். ஏ.பி.நாகராஜனும் நாடக மேடையில் இருந்து வந்தவர், அதனாலோ என்னவோ. கோபித்துக்கொண்டு போன முருகனை ஔவை சமாதானப்படுத்தும் காட்சியைக் கண்ணை மூடிக் கேளுங்கள். 57 வயதுக் குரல். ஒவ்வொரு மெய்யெழுத்தும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும் என்று அழுத்தி உச்சரிக்கிறார். முன்னால் மைக் இருப்பதை அவர் கண்டுகொள்வதே இல்லை. கெஞ்சல், கண்டிப்பு, கேலி மூன்றும் மாறி மாறி வருது. அது பக்தைப் பாட்டி பாடுவது மாதிரி இல்லை, தர்க்கத்தில் எதிராளியை மடக்குகிற வள்ளி.

நாலு வருஷம் கழித்து 'துணைவன்' படத்துக்காகத் தேசிய விருது கொடுத்தார்கள். விருதின் பெயர் சிறந்த பின்னணிப் பாடகி. வாழ்நாள் முழுக்கக் கூட்டத்துக்கு முன்னால் நின்று, தன் வாயாலேயே பாடி நடித்தவருக்கு.