துன்பமும் முறையீடும்: யாழ்ப்பாணக் கத்தோலிக்க இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றிலே கிறித்தவர்களின் பங்களிப்புப் பற்றிப் பேசப்படும்போது, அச்சுக்கூடம், அகராதி, உரைநடை, கல்வி என்பனவே முதன்மை பெறுவது வழக்கம். அச்சமயத்தைச் சார்ந்த சாதாரண மக்களின் அநுபவ உலகம், சிறப்பாகத் துன்பத்தை அவர்கள் எதிர்கொண்ட முறை, இலக்கிய விமரிசனத்திற்குரிய பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டுள்ளது. கொள்ளப்பட்டவிடத்தும் இருவகை முடிவுகளே பெரிதும் கூறப்பட்டு வந்துள்ளன. சமயச் சார்பினர் அவ்விலக்கியத்திலே பொறுமையைக் கண்டு போற்றினர்; முற்போக்குச் சார்பினர் விதிக்குப் பணிதலைக் கண்டு நிராகரித்தனர். மதிப்பீட்டில் முரண்பட்ட இவ்விரு சாராரும் வாசிப்பில் ஒன்றுபட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. இறைநம்பிக்கை என்பது வாய்மூடிய பணிவே என்பது இருவரதும் எடுகோளாகும். இவ்வெடுகோள் பொருந்துமா என்பதே எமது வினா.

யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களது ஆட்சியில் அதிகாரத்தின் நிழலிலே பரவிய கத்தோலிக்கம், 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் தடைசெய்யப்பட்ட சமயமாயிற்று. குருமார் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. 1687 இல் இலங்கை வந்த கோவைத் தேசத்துக் குருவான யோசேவ் வாஸ், சில்லாலையை நிலைக்களமாகக் கொண்டு மறைவாகவே பணியாற்ற நேர்ந்தது. ஆளுவோரின் சமயமாக இருந்த ஒன்று, சில ஆண்டுகளுக்குள் ஒடுக்கப்பட்டோரின் சமயமாக மாறிய இந்நிலைமாற்றமே, பின்வந்த இலக்கியத்தின் உணர்ச்சித் தளத்தை நிர்ணயித்தது எனலாம்.

இக்காலச் சூழலிலே தோன்றியதே வியாகுலப் பிரசங்கம். 1705 இல் இலங்கை வந்து 1742 இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயற்றியதாகக் கொள்ளப்படும் இந்நூல், கிறித்துவின் பாடுகளைத் தவக்காலத்திலே மக்கள் கூடியிருந்து புலம்பல் இசையிற் கேட்பதற்கென அமைந்தது. இதனைத் தனித்திருந்து வாசிக்கும் நூலாகக் கொண்டு மதிப்பிடுவோர், அதன் உணர்ச்சி மிகையைக் குறையாகக் கூறுவர். ஆயின் அதனைச் செவிமடுத்தவர்கள், சாவீட்டு ஒப்பாரியின் மரபிலே ஊறியவர்கள். ஒப்பாரி வெறும் அழுகையன்று. அது இறந்தவரை விளித்து, எம்மை ஏன் விட்டுச் சென்றாய் என வினவுவது, குறைகூறுவது, கணக்குக் கேட்பது. அயலானிடம் எவரும் அவ்வாறு கேட்பதில்லை. குறைகூறலே உறவுக்குச் சான்றாகும். பாடுகளின் கதையிலே சிலுவையில் தொங்குபவர் தாமே கைவிடப்பட்டமை பற்றித் தந்தையிடம் வினவுகின்றார். அவ்வினாவை ஒப்பாரிச் செவியோடு கேட்ட கரையோர மக்களுக்கு, நம்பிக்கையும் முறைப்பாடும் எதிர்நிலைகளாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

இது கிறித்தவத்தோடு வந்த புதுமையுமன்று. விவிலியச் சங்கீதங்களிற் பல முறைப்பாட்டிலே தொடங்கி நம்பிக்கையிலே முடிகின்றன. 88 ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகின்றது. தமிழ்ப் பக்தி மரபிலும் பார்வை இழந்த சுந்தரர், தோழமை உரிமையோடு இறைவனை இடித்துரைத்தமையை நாம் அறிவோம். இவ்விரு மரபுகளும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கனிடத்தே ஒன்றோடொன்று சந்தித்தன.

நாட்டுக்கூத்து இதனை மேலும் தெளிவாக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளிலே மன்னார்க் கத்தோலிக்க நாடகங்கள் சிலவற்றைப் பதிப்பித்தபின் இத்துறை ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றது. இந்நாடகங்களுள் எஸ்தாக்கியார் கதை எமது பொருளுக்கு மிக நெருங்கியது. உரோமத் தளபதியான எஸ்தாக்கியார் கிறித்தவராகியபின் செல்வத்தை இழக்கின்றார். மனைவியைக் கப்பல் தலைவன் கவர்கின்றான். ஆற்றைக் கடக்கையில் மைந்தர் இருவரையும் விலங்குகள் கொண்டு செல்கின்றன. குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்ந்தபின், தெய்வங்களுக்குப் பலியிட மறுத்து யாவரும் உயிர் துறக்கின்றனர். அரசும் மனைவியும் மைந்தனும் இழந்த அரிச்சந்திரன் கதையை இது உடனே நினைவூட்டும். வி. வி. வைரமுத்துவின் நடிப்பினால் மயானகாண்டம் யாழ்ப்பாணத்து மேடைகளிலே பெற்ற செல்வாக்கு யாவரும் அறிந்ததே.

இரு கதைகளுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. அரிச்சந்திரன் பற்றி நிற்பது வாய்மை என்னும் விழுமியம். விழுமியத்தை விளித்து எவரும் முறையிட முடியாது. எஸ்தாக்கியார் பற்றி நிற்பது தம்மை அழைத்த ஒருவரை. எனவேதான் மத்தியகால ஐரோப்பியப் புனிதர் சரிதங்களிலே அவர், யோபுவினும் தமது நிலை இழிந்தது, யோபுவுக்கு மனைவியேனும் எஞ்சினாள் என இறைவனிடமே எடுத்துரைக்கின்றார். அடுத்த கணத்தில் தமது வாய்க்குக் காவல் வைக்குமாறும் வேண்டுகின்றார். முறையீடு, அம்முறையீடு பற்றிய அச்சம் ஆகிய இரண்டும் ஒருங்கே நிற்கும் இவ்விடமே கதையின் உயிர்நிலை. பொறுமையின் உருவமாக மட்டும் அவரைக் காட்டும் விளக்கங்கள் இம்முரணை இழந்து விடுகின்றன.

இவ்விலக்கியத்தின் குறைபாடுகளை மறைத்தல் எமது நோக்கமன்று. இந்நாடகங்களிலே துன்புறுவோர் பெரும்பாலும் அரசரும் தளபதியருமாவர். அவற்றை ஆடியும் பார்த்தும் வந்த குருநகர், பாசையூர் மீனவரின் அன்றாட வறுமைக்கும் கடனுக்கும் அங்கு இடமில்லை. கொடுமை கொடுங்கோலன் ஒருவனின் குணமாகக் காட்டப்படுகின்றதேயன்றிச் சமூக அமைப்பின் விளைவாகக் காட்டப்படவில்லை. ஆலயத்தினுள்ளேயே சாதி வேறுபாடு பேணப்பட்டமை பற்றியும் அவை மௌனம் சாதிக்கின்றன. இறைவனிடம் கேட்கத் துணிந்த வினாவைத் தம் அயலவரிடம் கேட்க அவை துணியவில்லை.

போர்க்காலம் இவ்வினாவைத் தவிர்க்கவியலாததாக்கியது. 1993 நவம்பர் 13 இல் குருநகர் புனித யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 1995 யூலை 9 இல் நவாலி ஆலயத்திலே தஞ்சமடைந்திருந்த மக்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தஞ்சமே கொலைக்களமானவிடத்து, துன்பம் இறைவன் தரும் சோதனை என்ற பழைய விளக்கம் போதுமானதன்று. அது கொன்றவரின் பொறுப்பை மறைக்கவும் கூடும். நீ. மரியசேவியர் அடிகளார் 1965 இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் மேடையேற்றிய திருப்பாடுகளின் நாடகங்கள் இக்காலத்திலே புதிய பொருள் பெற்றன. குற்றமற்றவன் அரச ஆணையாற் கொல்லப்படும் கதையைப் பார்த்திருந்தோர், அதனைப் பண்டை யூதேயாவின் கதையாக மட்டும் கொண்டிருத்தல் இயலாது.

சமயத்தை அபினியெனக் கூறிய மார்க்ஸ், 1844 இல் வெளிவந்த அதே கட்டுரையிலேயே சமயத் துன்பத்தை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான கண்டனமாகவும் கண்டார். எம்மிடையே முதற்கூற்று மிகுதியாக எடுத்தாளப்பட்டது, மற்றையது மறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க இலக்கியம் அம்மறந்த பாதிக்குச் சான்றாக நிற்கின்றது. அதன் மிகச் சிறந்த இடங்களிலே நம்பிக்கை என்பது கேள்வியை அடக்குவதன்று. பதில் கூறக் கடமைப்பட்ட ஒருவர் உளர் என்ற உறுதியோடு கேள்வியைத் தொடர்ந்து கேட்பதாகும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வடபுலத்து வீதியோரங்களில் அமர்ந்து கேட்கத் தொடங்கிய கேள்வியிலும் அவ்வுறுதியின் சாயலைக் காண்கின்றோம். அவர்கள் ஆலயத்திலே விளக்கேற்றுவர். அதே கையால் அரசுக்கு எதிரான பதாகையையும் ஏந்துவர். இவ்விரண்டையும் முரணாகக் காணும் விமரிசனம், தான் ஆராயும் மக்களை இன்னும் அறிந்து கொள்ளவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.